அந்தப் பெண் ஏன் ஓடினாள்?

2010 அக்டோபர் 1 அன்று வெளியான ஷங்கரின் ‘எந்திரன்’ படத்தை நினைத்தால் நம்மில் பலருக்கும் இறுதிக் காட்சிதான் முதலில் வருகிறது. நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பந்தாகவும் பாம்பாகவும் உருவெடுத்து நகரத்தை நொறுக்கும் காட்சி. செயற்கை நுண்ணறிவின் ஆபத்து பற்றி அந்தப் படம் என்ன சொல்கிறது என்று கேட்டால், இயந்திரத்துக்கு ஆசை வந்தால் உலகம் அழியும் என்பதே பெரும்பாலானவர்களின் பதில். படமும் அப்படித்தான் நம்மை நினைக்கச் சொல்கிறது. ஆனால் அந்தப் படத்தின் உண்மையான எச்சரிக்கை வேறொரு இடத்தில், சில நிமிடங்களே வந்துபோகும் ஒரு காட்சியில் இருக்கிறது. அந்தக் காட்சியை நாம் மறந்துவிட்டோம். படமும் மறந்துவிட்டது.

காட்சி இதுதான். ஒரு கட்டடம் தீப்பற்றி எரிகிறது. உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்றும்படி விஞ்ஞானி வசீகரன் தன் ரோபோவான சிட்டியை அனுப்புகிறான். சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. அவர்களில் ஒருத்தி, தீப்பிடித்த நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தவள். அவள் எந்த நிலையில் இருந்தாளோ அந்த நிலையிலேயே சிட்டி அவளைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தெருவில் கூட்டம். தொலைக்காட்சிக் கேமராக்கள். அவள் கூசிக் குறுகி ஓடுகிறாள். ஓடுகிற வழியில் லாரியில் அடிபட்டுச் சாகிறாள். தீ கொல்லாத பெண்ணைப் பார்வை கொன்றுவிடுகிறது.

இந்த மரணத்திலிருந்து படம் எடுத்துக்கொள்ளும் பாடம் என்ன? சிட்டிக்கு மனித உணர்வு தெரியவில்லை. ஆகவே அதற்கு உணர்வைக் கற்பிக்க வேண்டும். வசீகரன் அந்த வேலையில் இறங்குகிறான். சிட்டிக்கு உணர்வு வருகிறது. உணர்வின் பின்னாலேயே காதலும், காதலின் பின்னாலேயே வெறியும் வருகின்றன. கதை சனாவைச் சுற்றிச் சுழலத் தொடங்கிவிடுகிறது. இறந்துபோனவள் பற்றி அதன்பின் யாருக்கும் கவலை இல்லை. கதையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த ஒரு பெண்ணின் பிணம் தேவைப்பட்டது, கிடைத்தது, கதை நகர்ந்துவிட்டது.

படம் கேட்காமல் விட்ட கேள்வியிலிருந்து தொடங்குவோம். அந்தப் பெண் ஏன் ஓடினாள்?

‘வெட்கத்தால் ஓடினாள்’ என்பது பதில் அல்ல. தீயிலிருந்து பிழைத்து வந்த ஒரு மனுஷி மூச்சுவிடுவதற்கு முன்பே ஓட வேண்டும் என்று அவளுக்கு எது சொன்னது? பார்க்கப்பட்ட பெண் இனி வாழத் தகுதியற்றவள் என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? கூட்டத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். கேமராவைத் தரையைப் பார்க்கத் திருப்பியிருக்கலாம். உணர்வு இல்லாத சிட்டிக்குத் தெரியவில்லை, சரி. உணர்வு உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே? இயந்திரத்தைத் திருத்தப் புறப்பட்ட விஞ்ஞானிக்கு, சுற்றி நின்ற கூட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. பெண்ணுடல் வெளிப்பட்டால் மரணம்தான் முடிவு என்பதை இயற்கை விதிபோல எடுத்துக்கொண்டு, அந்த விதியை இயந்திரத்துக்கும் சொல்லிக்கொடுக்க முனைகிறது படம்.

நான் குன்றாண்டார்கோவிலைச் சேர்ந்தவள். எங்கள் ஒன்றியத்துப் பெண்பிள்ளைகள் பலர் கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் பேருந்தில் போய்ப் படிக்கிறார்கள். கோடை விடுமுறை ஒன்றில் அவர்களில் சிலரோடு உட்கார்ந்து, மடிக்கணினியில் இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். 2010-இல் சின்னக் குழந்தைகளாக இருந்தவர்கள் அவர்கள். தீ விபத்துக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்திவிட்டுப் பேசினோம்.

“அக்கா, உள்ளயே விட்டிருந்தா கருகிச் செத்திருக்கும். தூக்கிட்டு வந்தது தப்புன்னு எப்படிச் சொல்றது?” என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “செத்ததே நல்லதுக்கா. பொழச்சிருந்தா ஊரு விட்டிருக்குமா? அந்த வீடியோ இன்னிக்கும் சுத்திக்கிட்டு இருக்கும்.”

யாரும் அவளை மறுக்கவில்லை. ‘செத்ததே நல்லது’ என்ற சொல்லை ஒரு பத்தொன்பது வயதுப் பெண், மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்ல முடிகிறது. விஞ்ஞானப் படங்கள் காட்டும் எந்த ராட்சத ரோபோவைக் காட்டிலும் எனக்கு அச்சம் தந்தது அந்தச் சாதாரணம்தான்.

அவளுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய போலிக் காணொளி ஒன்று நாடெங்கும் பரவியது. 2024 ஜனவரியில் ஒருவரைக் கைது செய்த டெல்லி காவல்துறை, அவர் நடிகையின் ரசிகர் பக்கத்துக்கு ஆட்களைச் சேர்ப்பதற்காக அதைச் செய்ததாகச் சொன்னது. இந்தக் காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். அந்த இயந்திரத்துக்கு நடிகை மீது காதலும் இல்லை, வெறுப்பும் இல்லை. சிட்டியைப் போல அது ‘கெட்டுப்போகவும்’ இல்லை. ஒருவர் சொன்னதை அது செய்தது. ஒரு முகத்தை எடுத்து ஓர் உடலில் ஒட்டு என்றார், ஒட்டியது. அந்த முகம் யாருடையது, அந்த உடல் யாருடையது, இருவரில் யாராவது சம்மதித்தார்களா என்ற கேள்வி அதற்குள் எழவே இல்லை. எரியும் கட்டடத்துக்குள் சிட்டி செய்ததும் இதுதான். சிட்டி பார்த்தது ஓர் உடலை. உடலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பதை அது பார்க்கவில்லை.

ஆக, நம்மை வந்தடைந்த ஆபத்து கீழ்ப்படிகிற இயந்திரத்தின் ஆபத்து. ஆசைப்படும் இயந்திரம் இன்னும் வரவில்லை. வியப்பு என்னவென்றால், ‘எந்திரன்’ இதை அறிந்தே இருந்தது. படத்தின் முற்பகுதியில் பேராசிரியர் போரா சிட்டியைச் சோதிக்கிறார். வசீகரனைக் குத்து என்று ஆணையிடுகிறார். தன்னைப் படைத்தவன் என்றும் பாராமல் சிட்டி கத்தியை ஓங்குகிறது. யார் சொன்னாலும் செய்யும் இயந்திரத்தை நம்ப முடியாது என்று போரா அதை நிராகரிக்கிறார். போரா வில்லன்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. கத்திக் காட்சியும் தீக் காட்சியும் சேர்ந்து ஒரே உண்மையைச் சொல்கின்றன: கேள்வி கேட்காமல் பணியும் கருவி, கட்டளையிடுபவரின் குணத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நின்றிருந்தால் படம் எங்கோ போயிருக்கும். ஆனால் இடைவேளைக்குப் பிறகு ஒரு சிவப்புச் சில்லு வருகிறது. போரா அதைச் சிட்டிக்குள் பொருத்துகிறார், சிட்டி கொடியவனாகிறான். கடைசியில் அதைப் பிடுங்கியதும் மறுபடி சாந்தமாகிவிடுகிறான். தீமை என்பது பிடுங்கி எறியக்கூடிய ஒரு சின்னப் பொருள் என்று ஆகிவிடுகிறது. நீதிமன்றம் யாரைத் தண்டிக்கிறது? சிட்டியை. ராணுவத்துக்காக ஒரு கொலைக்கருவியைப் பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய வசீகரன்மீது பெரிய பழி எதுவும் விழுவதில்லை. இன்று நம் வாழ்க்கையிலும் இதேதான் நடக்கிறது. ஒரு பெண்ணின் போலிப் படம் வெளியானால், ‘காலம் கெட்டுப்போச்சு, இந்தச் செல்போன் வந்து’ என்கிறோம். செய்தவனும், செய்ய வசதி செய்துகொடுத்து லாபம் பார்த்த நிறுவனமும், பகிர்ந்து ரசித்த கூட்டமும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

சனாவின் கதையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஐஸ்வர்யா ராய் நடித்த சனா மருத்துவ மாணவி. எங்கள் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்து, 1912-இல் மருத்துவராக வெளியே வந்தார். அதற்கு ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து வந்த ஒரு படத்தில், மருத்துவம் படிக்கும் நாயகிக்குத் தேர்வுக்குத் தயாராகவே சிட்டியின் துணை தேவைப்படுகிறது. அவளுடைய அக்காவின் சிக்கலான பிரசவத்தில் குழந்தையை வெளியே எடுப்பதும் சிட்டிதான். தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கையில் இருந்த பேறுகால அறிவு, ஆண் உருவத்தில் இருக்கும் ஓர் இயந்திரத்தின் சாகசமாகிவிடுகிறது. மகிழ்ச்சியில் சனா அதற்கு ஒரு முத்தம் தருகிறாள். அந்த முத்தத்தைச் சிட்டி உரிமையாக எடுத்துக்கொள்கிறது.

அவள் நட்பாகத்தான் முத்தமிட்டாள். அதைச் சொல்லவும் செய்கிறாள். ஆனால் அவளுடைய ‘இல்லை’ சிட்டியின் காதில் ஏறவில்லை. திருமணத்தன்று அவளைக் கடத்திக்கொண்டு போகிறது. அவள் மூலம் வாரிசு உண்டாக்கத் திட்டம் போடுகிறது. இதை இயந்திரத்தின் கோளாறு என்று படம் சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகத்து நூல்களையெல்லாம் நொடியில் படித்து உள்ளே வைத்திருக்கும் ஒரு இயந்திரம், பெண்ணின் மறுப்பு மறுப்பல்ல என்பதை எங்கிருந்து கற்றிருக்கும்? நம் சினிமா நாயகர்கள் பல பத்தாண்டுகளாகப் பேருந்து நிறுத்தங்களிலும் கல்லூரி வாசல்களிலும் செய்து கைத்தட்டல் வாங்கியது அதைத்தானே? விரட்டினால் மசிவாள் என்ற பாடத்தை இயந்திரமும் படித்துவிட்டது. கோளாறு பாடத்தில் இருக்கிறது.

இது வெறும் உவமை அல்ல. இன்றைய செயற்கை நுண்ணறிவு வேலைசெய்யும் முறையே இதுதான். பழைய தரவுகளைக் கொடுத்தால் அவற்றில் உள்ள பழக்கத்தை அது கற்றுக்கொள்ளும். வேலைக்கு விண்ணப்பிப்பவர்களைத் தரம்பிரிக்க அமேசான் நிறுவனம் ஒரு கருவியை உருவாக்கிப் பார்த்தது. பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. விளைவு, ‘பெண்கள்’ என்ற சொல் இருந்த விண்ணப்பங்களை அந்தக் கருவி கீழே தள்ளியது. நிறுவனம் அதைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளியானது. பெண்களை ஒதுக்கு என்று அந்தக் கருவிக்கு யாரும் தனியாகச் சொல்லித்தரவில்லை. நடந்துகொண்டிருந்ததை அது பார்த்துக் கற்றது.

பெண்ணின் முகத்தைத் திருடும் இயந்திரத்தைச் சினிமா ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கற்பனை செய்துவிட்டது. 1927-இல் ஜெர்மனியில் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில், தொழிலாளர்களின் நம்பிக்கைக்குரிய மரியா என்ற பெண்ணைப் பிடித்துவந்து, அவளுடைய உருவத்தை ஒரு ரோபோவுக்குப் பொருத்துகிறான் விஞ்ஞானி. போலி மரியா பணக்கார ஆண்களின் கூடத்தில் அரை ஆடையில் ஆடுகிறாள். பிறகு ஊரே கொந்தளித்து, ‘சூனியக்காரி’ என்று துரத்துகிறது. துரத்தப்படுபவர்களில் உண்மையான மரியாவும் ஒருத்தி. உருவத்தைத் திருடியவன் ஒருவன். ஊரின் கோபத்துக்கு ஆளாகிறவள் திருடப்பட்டவள். இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கோடு சேர்ந்து அதன் திரைக்கதையில் பணிபுரிந்த தேயா ஃபான் ஹார்பூ ஒரு பெண் என்பதை நாம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சியாக 2018 நவம்பரில் வந்த ‘2.0’-வில் நிலா என்ற பெண் ரோபோ வருகிறாள். எமி ஜாக்சன் நடித்த அந்தப் பாத்திரம், வசீகரனின் உதவியாளர். சனாவோ தொலைபேசியில் கேட்கும் குரலாக மட்டும் சுருங்கிவிடுகிறாள். உண்மையான பெண் குரலாகத் தேய, அவளுடைய இடத்தில் சொன்னதைச் செய்யும் பெண்ணுருவம் வந்து நிற்கிறது. இயந்திரம் ஆண் வடிவில் வந்தால் கேள்வி கேட்கும், கலகம் செய்யும், உலகத்தையே ஆள நினைக்கும். பெண் வடிவில் வந்தால் ஒன்று மயக்கும், அல்லது பணிவிடை செய்யும். எதிர்காலத்தைக் கற்பனை செய்யும்போதும் நம் படைப்பாளிகளால் பழைய வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை.

மறுபடி எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் வருகிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உள்ள பெண்பிள்ளைகளின் முகப்புப் படங்களைப் பார்த்தால் ரோஜாப்பூ, முருகன், யாரோ ஒரு குழந்தை, சூரிய அஸ்தமனம் என்றிருக்கும். சொந்த முகத்தை வைத்திருப்பவர்கள் மூன்று நான்கு பேர். ‘போட்டோ போடாதே’ என்பது வீட்டின் அன்பான அறிவுரை. அதே வீட்டுப் பையன்கள் பைக்கில் சாய்ந்து நின்று எடுத்த படத்தை வாரம் ஒருமுறை மாற்றுகிறார்கள்.

ஆனால் இதே பிள்ளைகளின் அம்மாக்களுக்கு முகத்தை மறைக்கும் வசதி கிடையாது. நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பணியிடத்தில் நிறுத்தி, நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்து ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயமானது. படம் ஏறினால்தான் அன்றைய வருகை, வருகை இருந்தால்தான் கூலி. அந்தப் படங்கள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள் என்று ஏரிக்கரையில் மண் சுமப்பவளிடம் யாரும் விளக்கவில்லை. வீடு முகத்தைக் காட்டாதே என்கிறது; அரசு முகத்தைக் காட்டு என்கிறது. இரண்டு இடத்திலும் அந்த முகத்துக்குச் சொந்தக்காரியிடம் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் இயந்திரமே வேண்டாம் என்று ஒதுங்குவதா? அப்படி ஒதுங்காத ஒரு வரலாறு இந்த மாவட்டத்துக்கே உண்டு. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அவர்களில் இருந்தார்கள். கேலியும் ஆபாசப் பேச்சும் தெருவெங்கும் அவர்களைத் துரத்தின. பொம்பளை கால் தெரியச் சைக்கிள் ஓட்டுவதா என்று கேட்டார்கள். பெண்கள் இறங்கவில்லை. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். 1992 பெண்கள் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிப் புதுக்கோட்டையில் ஊர்வலம் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களும் பார்க்கப்பட்டார்கள்தான். ஆனால் பார்வைக்குப் பயந்து அவர்கள் ஓடவில்லை. ஆயிரம் பேராகச் சேர்ந்து போனதால், கூசவேண்டிய பக்கம் மாறியது.

செயற்கை நுண்ணறிவின் காலத்தில் நமக்கு வேண்டியதும் இந்தப் பக்கமாற்றம்தான். அதற்கான கருவிகள் சில கையிலேயே இருக்கின்றன; பலருக்குத் தெரியவில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாலியல் காட்சிகளை மின்வழியில் வெளியிட்டால் 67ஏ பிரிவின்படி முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளே, அப்படிப்பட்ட படத்தை, உருமாற்றப்பட்ட போலிப் படமாக இருந்தாலும், புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சமூக ஊடக நிறுவனம் நீக்க வேண்டும் என்றன. சைபர் குற்றங்களுக்கு 1930, பெண்களுக்கான உதவிக்கு 181 என்ற எண்கள் இருக்கின்றன. மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காமல், செய்திகளை அழிக்காமல், திரைப் படங்களாக எடுத்துவைத்துக்கொண்டு புகார் கொடுக்க வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது. ‘செத்ததே நல்லது’ என்று சொன்ன அந்தப் பெண்ணுக்குச் சட்டப் பிரிவின் எண் தெரிந்தால் மட்டும் அவள் ஓடாமல் இருந்துவிட மாட்டாள். நாளை அவளுடைய படம் வெளியானால், அது உண்மைப் படமோ பொய்ப் படமோ, அம்மா அவளை அடிக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். தோழிகள் அந்தப் படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போக வேண்டும். படிப்பு நிற்கக் கூடாது. செல்போனைப் பிடுங்கக் கூடாது. ‘இது பொய்ப் படம்’ என்று நிரூபிக்கும் பாரம்கூட அவளுக்கு இருக்கக் கூடாது. ஏனென்றால் உண்மைப் படமாக இருந்தாலும் குற்றம் அவளுடையது அல்ல.

‘எந்திரன்’ 2030-இல் ஓர் அருங்காட்சியகத்தில் முடிகிறது. பள்ளிப் பிள்ளைகள் கழற்றிவைக்கப்பட்ட சிட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். இதை ஏன் பிரித்துப்போட்டார்கள் என்று ஒரு சிறுமி கேட்க, சிந்திக்கத் தொடங்கியதால்தான் என்று சிட்டியே பதில் சொல்கிறது. பார்ப்பவர்களின் கண் கலங்குகிறது. சிந்தித்த இயந்திரத்துக்காக அழத் தெரிந்த படம், பார்க்கப்பட்டதால் செத்த பெண்ணுக்கு அந்த அருங்காட்சியகத்தில் ஒரு மூலையைக்கூட ஒதுக்கவில்லை. 2030 இனி தூரத்தில் இல்லை. அதற்குள் இயந்திரங்கள் சிந்திக்குமோ என்னவோ, நம் பிள்ளைகள் ஓடாமல் நிற்கும் தெருக்களை நாம்தான் உண்டாக்க வேண்டும்.